பிறர் மனையில் நம் பேரேடு: மேகக் கணிமையும் வணிகத் தரவுக் காப்பும்

வணிகர் ஒருவரின் செல்வம் எங்கே இருக்கிறது என்று வினவினால், கடையில் அடுக்கிய சரக்கையும் கல்லாப்பெட்டியையும் காட்டுவோர் பலர். தொழிலில் முதிர்ந்தவர் பேரேட்டைக் காட்டுவார். யார் எவ்வளவு தரவேண்டும், நாம் யாருக்கு எவ்வளவு தரவேண்டும், எந்தச் சரக்கை எவரிடம் என்ன விலைக்கு வாங்கினோம் என்பனவெல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. சரக்கு எரிந்தால் மீண்டும் வாங்கலாம். பேரேடு எரிந்தாலோ ஊரிலுள்ள நிலுவை முழுவதும் அதனோடு எரிந்துபோகும். ஆகவேதான் அன்றன்று நடந்ததைச் சிட்டையில் எழுதி, பின் அதனைப் பேரேட்டில் பெயர்த்தெழுதி, இரும்புப்பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீடு திரும்பினர் நம் முன்னோர். ஒன்று அழிந்தாலும் மற்றொன்றைக் கொண்டு மீட்டெழுதலாம் என்னும் ஏற்பாடு அந்தச் சிட்டை, பேரேடு என்னும் இரட்டை வழக்கிலேயே அடங்கியிருந்தது.

இன்று அந்த இரும்புப்பெட்டி பல கடைகளில் வெறுமையாகக் கிடக்கிறது. கடைப்பையன் கணினியில் பட்டியல் போட்ட மறுநொடியே அக்கணக்கு மும்பையிலோ சிங்கப்பூரிலோ உள்ள ஓர் இயந்திரத்தில் பதிவாகிவிடுகிறது. வாடிக்கையாளரின் பெயர், கைப்பேசி எண், முகவரி, அவர் வைத்துள்ள கடன் ஆகிய அனைத்தும் அங்கேதான் உள்ளன. அந்த இயந்திரத்தைக் கடைக்காரர் கண்டதில்லை. இனிக் காணப்போவதும் இல்லை. திங்கள்தோறும் வாடகை மட்டும் செலுத்துகிறார்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருளுக்கு இடம் என்ன என்று வினவுவோர் இருக்கலாம். நம் மாணவருள் பலர் மாலைவேளையில் தந்தையின் கடையில் அமர்ந்து கணக்குப் பார்ப்பவர்கள். பட்டம் பெற்றபின் அக்கடையையோ ஏற்றுமதி அலுவலகத்தையோ நடத்தப் போகிறவர்கள். மேலும், பிறர் பொருளைத் தன்னிடம் வைத்துக் காத்தலுக்கு அடைக்கலம் என்று பெயரிட்ட மொழி தமிழ். வணிகன் மனைவியாகிய கண்ணகியைக் கவுந்தியடிகள் மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் ஒப்படைக்கும் பகுதிக்குச் சிலப்பதிகாரம் அடைக்கலக் காதை என்றே பெயர் தந்துள்ளது. வாடிக்கையாளர் நம்மை நம்பித் தந்த விவரம் நம்மிடம் உள்ள அடைக்கலப்பொருள். அதனை நாம் மூன்றாம் ஒருவரிடம் வைக்கிறோம். அடைக்கலப்பொருள் அவ்வாறு கைமாறும்போது பொறுப்பும் கைமாறுகிறதா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

மேகம் என்னும் பெயர்

கணினி வலையமைப்பைப் படமாக வரையும் பொறியாளர்கள், உட்கூறுகளை விளக்கத் தேவையில்லாத பகுதியை ஒரு மேகத்தின் வடிவில் வரைந்து விடுவது வழக்கம். அந்தப் படத்திலிருந்தே மேகக் கணிமை என்னும் பெயர் பிறந்தது. பெயர்தான் மேகம், பொருளோ மண்ணில் கட்டிய கட்டடம். உள்ளே வரிசை வரிசையாகச் சர்வர்கள் எனப்படும் வழங்கிக் கணினிகள், அவற்றைக் குளிர்விக்கும் கருவிகள், மின்கலங்கள், வாயிலில் காவலர். அமேசான் நிறுவனம் 2006ஆம் ஆண்டு மார்ச்சில் சேமிப்பிடத்தையும், அதே ஆண்டு ஆகஸ்டில் கணினி ஆற்றலையும் வாடகைக்கு விடத் தொடங்கியபின் இத்தொழில் பெருகிற்று. மைக்ரோசாஃப்ட் 2015இல் புணே, சென்னை, மும்பை ஆகிய மூன்று இடங்களில் இத்தகைய மையங்களைத் திறந்தது. அமேசான் 2016இல் மும்பைக்கு வந்தது.

வாடகையிலும் வகைகள் உண்டு. வெறும் மனையை வாடகைக்கு எடுத்து நாமே கூடாரம் அமைத்துக்கொள்வது போல், கணினி ஆற்றலை மட்டும் பெறுவது ஒன்று. கட்டில், மெத்தை, உணவு அனைத்தும் உள்ள விடுதியறையைப் போல், மென்பொருளோடு சேர்த்துப் பெறுவது மற்றொன்று. சிறு கடைகள் பயன்படுத்தும் மின்னஞ்சலும் கணக்கு மென்பொருளும் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சார்ந்தவை. இவற்றுக்கு இடைப்பட்ட வகையும் உண்டு. அது மென்பொருள் எழுதுவோர்க்கே உரியதாகலின் விடுக்கிறோம்.

ஒன்றை நடுவுநிலையோடு சொல்லிவிட வேண்டும். மேகம் தீது என்பது நம் கருத்தன்று. கடையின் மூலையில் தூசி படிந்து, மின்வெட்டில் அணைந்து, எலி கடித்த கம்பியோடு கிடக்கும் கணினியைக் காட்டிலும், இரவும் பகலும் வல்லுநர் காக்கும் மையம் பன்மடங்கு பாதுகாப்பானது. அது பாதுகாப்பானது என்று எண்ணி நாம் கண்ணயர்ந்து விடுவதிலேயே கேடு விளைகிறது.

மேக நிறுவனங்கள் தம் பொறுப்பின் எல்லையை மறைப்பதில்லை. கட்டடம், மின்சாரம், இயந்திரம் ஆகியவற்றைக் காப்பது தம் கடமை. அதனுள் வைக்கப்படும் தரவையும், யார் உள்ளே வரலாம் என்பதையும் வரையறுப்பது வாடிக்கையாளரின் கடமை என்று அவை எழுதியே வைத்துள்ளன. மாடிக் குடியிருப்பின் உரிமையாளர் சுற்றுச்சுவரையும் வாயிற்காவலையும் பார்த்துக்கொள்வார். நம் வீட்டுக் கதவை நாமே பூட்ட வேண்டும் என்பதைப் போன்றது இது. அந்த ஒப்பந்தத்தை முழுவதும் படித்துப் பார்த்த வணிகர் ஒருவரையேனும் நாம் இதுவரை சந்தித்ததில்லை. நாமும் இக்கட்டுரைக்காகவே முதன்முறையாகப் படித்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

பன்னிரண்டு மணி நேரத்தில் மறைந்த நிறுவனம்

கோட் ஸ்பேசஸ் என்னும் நிறுவனம், மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களைச் சேமித்துவைக்க இடம் தந்துவந்தது. பிறர் பொருளைக் காப்பதே அதன் தொழில். அது தன் உடைமை அனைத்தையும் அமேசானின் மேகத்தில் வைத்திருந்தது. 2014ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள், எண்ணிறந்த போலி வேண்டுகோள்களை ஒரே நேரத்தில் அனுப்பி இணையத்தளத்தைத் திணறச் செய்யும் தாக்குதல் அதன்மீது தொடங்கிற்று. அவ்வகைத் தாக்குதலை அந்நிறுவனம் முன்பும் சந்தித்திருந்தது. ஆனால் இம்முறை, மேகத்திலுள்ள அனைத்தையும் ஆளும் கட்டுப்பாட்டுப் பலகைக்குள்ளேயே ஒருவன் நுழைந்திருந்தான். தன்னைத் தொடர்புகொள்ளுமாறு அங்கே செய்திகளை விட்டுச்சென்றிருந்தான். தொடர்புகொண்டபோது பெருந்தொகை கேட்டான்.

நிறுவனத்தார் செய்தது எவரும் செய்யக்கூடியதே. கடவுச்சொற்களை மாற்றி அவனை வெளியேற்ற முயன்றனர். அவனோ அதனை எதிர்பார்த்து, வேறு சில நுழைவுப் பெயர்களை முன்னரே உருவாக்கி வைத்திருந்தான். தன்னை வெளியேற்ற முயல்கின்றனர் என்று கண்டவுடன் அழிக்கத் தொடங்கினான். பலகை மீண்டும் நிறுவனத்தாரின் கைக்கு வந்தபோது தரவும், காப்புப்படிகளும், இயந்திரங்களின் அமைப்புப் படிகளும் பெரும்பாலும் அழிந்துவிட்டிருந்தன. எல்லாம் பன்னிரண்டு மணி நேரத்தில் நடந்து முடிந்தது. வாடிக்கையாளர்க்குப் பணத்தைத் திருப்பித் தரும் செலவையும் மீட்புச் செலவையும் தாங்கித் தொழிலைத் தொடர இயலாது என்று அறிவித்து அந்நிறுவனம் மூடப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. காப்புப்படி எடுக்காத சோம்பலால் அந்நிறுவனம் அழியவில்லை. முறையாகக் காப்புப்படி எடுப்பதாகத் தன் தளத்தில் விளம்பரமும் செய்துவந்தது. ஆனால் மூலத்தையும் காப்புப்படியையும் ஒரே கட்டுப்பாட்டுப் பலகையே ஆண்டது. பத்துப் பெட்டிகள் இருந்தும் பத்துக்கும் ஒரே சாவிக்கொத்து. கொத்து பறிபோன அன்று பத்தும் பறிபோயின.

தீயும் ஒரு தீர்ப்பும்

திருடனே இல்லாமலும் பேரேடு அழியலாம். பிரான்சு நாட்டின் ஸ்திராஸ்பூர்க் நகரில், ரைன் ஆற்றங்கரையில் ஓவிஎச் என்னும் மேக நிறுவனத்தின் தரவு மையங்கள் இருந்தன. 2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் நள்ளிரவு கடந்து அங்கே தீப்பற்றிற்று. ஐந்து தளங்களைக் கொண்ட ஒரு மையம் முற்றிலும் எரிந்தது; அருகிலிருந்த மற்றொன்றின் ஒரு பகுதியும் சேதமுற்றது. உயிரிழப்பு இல்லை. இடருற்ற காலத்திற்கென வகுத்த திட்டத்தை உடனே செயற்படுத்துங்கள் என்று நிறுவனர் ஒக்தாவ் கிளாபா வாடிக்கையாளர்க்கு அன்றே அறிவித்தார். அத்தகைய திட்டம் என்று ஒன்று தமக்கு இருக்கவேண்டும் என்பதையே பலர் அப்போதுதான் அறிந்தனர். ரஸ்ட் என்னும் கணினி விளையாட்டின் ஐரோப்பிய வழங்கிகள் பலவற்றிலிருந்த தரவு மீளவே இல்லை.

அவ்வாறு இழந்தவருள் காப்புப்படிக்கெனத் தனியே கட்டணம் செலுத்தியவரும் இருந்தனர். ஒரு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. காப்புப்படி மூலத்திலிருந்து பிரித்துத் தனித்த இடத்தில் வைக்கப்படும் என்று ஒப்பந்தம் கூறியிருந்தது. உண்மையில் அதுவும் எரிந்த அதே கட்டடத்தில்தான் இருந்தது. 2023ஆம் ஆண்டு முதனிலை நீதிமன்றமாகிய லீல் பெருநகர வணிக நீதிமன்றம், ஓவிஎச் இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு நேரியதே. ஆனால் தீர்ப்பு பணத்தைத்தான் தரும்; எரிந்துபோன தரவைத் தருவதில்லை. காப்புப்படி உண்டா என்று கேட்பதோடு நில்லாமல், அது எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் உள்ளது என்றும் கேட்டு, விடையை எழுத்தில் பெறுவது வணிகரின் உரிமை.

பெரிய அமைப்புகளும் இப்பிழைக்கு விலக்கல்ல. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் தென்கொரியாவின் தேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் மின்கலத்திலிருந்து தீப்பற்றிற்று. 709 அரசுப் பணி அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர் தம் கோப்புகளைச் சேமித்துவந்த மேகத்தில் 858 டெராபைட் அளவு தரவு அழிந்தது. அளவு மிகுதி என்பதால் அதற்கு வெளியிடத்தில் காப்புப்படி எடுக்கப்படவில்லையாம்! பொருள் மிகுதி என்பதால் பூட்டு வாங்கவில்லை என்பதைப் போன்றது இந்த விடை.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. யூனிசூப்பர் என்பது 6 இலட்சத்திற்கும் மேற்பட்ட உறுப்பினரின் ஓய்வூதியச் சேமிப்பைக் காக்கும் நிதியம். 2024ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், கூகுள் மேகத்தில் அது வைத்திருந்த தனியமைப்பு அப்படியே அழிந்தது. தாக்கியவர் எவருமில்லை. அதனை அமைத்துத் தந்தபோது கூகுள் பணியாளர் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டனர். நிரப்பாத கட்டத்திற்கு ஓராண்டுக் கெடு என்று இயந்திரம் தானே பொருள்கொண்டது; கெடு முடிந்ததும் தானே அழித்துவிட்டது. வாடிக்கையாளர் கேட்டு நிகழும் அழிப்பு அன்று என்பதால் முன்னறிவிப்பும் செல்லவில்லை. உறுப்பினர் ஒரு வாரத்திற்குத் தம் கணக்கைக் காண இயலாமல் தவித்தனர். எனினும் நிதியம் மீண்டது. அழிந்த அமைப்புக்கு வெளியே காப்புப்படிகள் இருந்தன. வேறொரு நிறுவனத்திடம் வைத்தவையும் அவற்றுள் அடங்கும். கோட் ஸ்பேசஸ் மாண்டதற்கும் யூனிசூப்பர் மீண்டதற்கும் இடையேயுள்ள வேறுபாடு செல்வத்தாலோ அளவாலோ மட்டும் வந்ததன்று. ஒரு தவறு எட்டமுடியாத இடத்தில் ஒரு படி இருந்தது என்பதே அவ்வேறுபாடு.

கணினித் துறையினர் இதற்கு எளிய கணக்கு ஒன்று வைத்துள்ளனர். தரவுக்கு மூன்று படிகள். அவை இருவேறு வகைச் சாதனங்களில். அவற்றுள் ஒன்று வேறு ஊரில். இக்கணக்கோடு நாம் ஒன்றைச் சேர்த்துச் சொல்வோம். அவற்றுள் ஒரு படியின் சாவியேனும் வேறொருவர் கையில் இருத்தல் வேண்டும்.

சாவி

சாவியைப் பற்றிப் பேசுங்கால் கடவுச்சொல்லே முதலில் நினைவுக்கு வரும். ஸ்னோஃப்ளேக் என்பது பெருநிறுவனங்கள் தம் தரவைச் சேர்த்துவைத்து ஆராயும் மேகச் சேவை. 2024ஆம் ஆண்டு அதன் வாடிக்கையாளர் பலரின் தரவு களவுபோயிற்று. பாதிப்புற்றிருக்கக்கூடும் என்று எச்சரிக்கப்பட்ட நிறுவனங்கள் ஏறத்தாழ 165. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமாகிய ஏடி அண்டு டி, தன் கைப்பேசி வாடிக்கையாளர் ஏறக்குறைய அனைவரின் அழைப்புப் பதிவுகளும் பறிபோனதை அவ்வாண்டு ஜூலையில் அறிவித்தது. மேகத்தின் சுவரை எவரும் உடைக்கவில்லை. ஊழியர், ஒப்பந்தக்காரர் ஆகியோரின் கணினிகளில் புகுந்த தீநிரல்கள் கடவுச்சொற்களைத் திருடின. அவற்றுள் சில 2020ஆம் ஆண்டிலேயே திருடப்பட்டவை. இடைப்பட்ட ஆண்டுகளில் எவரும் அவற்றை மாற்றவில்லை. கடவுச்சொல்லுக்குப்பின் கைப்பேசியிலும் ஒரு சான்று கேட்கும் இரண்டாம் பூட்டு அக்கணக்குகளில் போடப்படவில்லை. திருடியவர் சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்தனர், அவ்வளவே.

தரவைக் குறியாக்கம் செய்துவிட்டால் அச்சமில்லை என்பார் சிலர். குறியாக்கம் என்பது எழுத்தை, உரிய திறவுகோல் இல்லாதார்க்குப் பொருளற்ற குவியலாக மாற்றுவது. கடையிலிருந்து மேகத்திற்குச் செல்லும் வழியிலும், மேகத்தில் தங்கியிருக்கும் நிலையிலும் இது செய்யப்படுகிறது. பெரும்பாலான சேவைகள் இன்று இதனைத் தாமே செய்துவிடுகின்றன. ஆனால் திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்பதே வினா. மேக நிறுவனத்திடமே இருந்தால், இயந்திரத்தைக் கழற்றிச் செல்லும் திருடனிடமிருந்து தரவு காக்கப்படும். நம் பெயரில் நுழைந்துவரும் திருடனுக்கோ சேவையே கதவைத் திறந்து, மொழிபெயர்த்தும் கொடுத்துவிடும்.

கேப்பிட்டல் ஒன் என்னும் அமெரிக்க வங்கி இதனைப் பட்டறிந்தது. 2019ஆம் ஆண்டு மார்ச்சில், அவ்வங்கி அமேசான் மேகத்தில் அமைத்திருந்த தடுப்புச்சுவர் ஒன்றின் பிழையான அமைப்பைப் பயன்படுத்தி ஒருவர் நுழைந்தார். தடுப்பதற்கென வைத்த அந்தச் சுவருக்கு, சேமிப்புப் பெட்டிகளைத் திறந்து படிக்கும் உரிமையும் தேவையின்றித் தரப்பட்டிருந்தது. வாயிற்காவலரிடம் கருவூலச் சாவியையும் கொடுத்துவைத்த கதை. அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடிப் பேர், கனடாவில் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் ஆகியோரின் விவரங்கள் வெளிப்பட்டன. தரவு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தது. ஆயினும் அந்நுழைவின் தன்மையால் அதனை விடுவிக்கவும் முடிந்தது என்று வங்கியே ஒப்புக்கொண்டது. வெளியாள் ஒருவர் ஜூலையில் மின்னஞ்சல் அனுப்பிய பிறகே வங்கிக்குச் செய்தி தெரிந்தது. 2020இல் அமெரிக்க வங்கிக் கண்காணிப்பு அலுவலகம் 8 கோடி டாலர் தண்டம் விதித்தது. தண்டம் விதிக்கப்பட்டது வங்கிக்கே என்பதை மாணவர் கருதுக.

அப்படியாயின் திறவுகோலை நாமே வைத்துக்கொள்ளலாம் அன்றோ எனின், வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் விவரம், ஊதியப் பட்டியல், புதிய சரக்கின் வடிவமைப்பு போன்றவற்றைக் கடையிலேயே குறியாக்கம் செய்து மேகத்திற்கு அனுப்பினால், மேக நிறுவனத்தாரும் படிக்க இயலாது. ஆனால் அத்திறவுகோலை நாம் தொலைத்தால் உலகில் எவராலும் மீட்டுத்தர முடியாது. வீட்டுப்பத்திரத்தைக் காப்பது போல் அதனைக் காக்கும் ஒழுங்கு நம்மிடம் உண்டாயின் இம்முறை நன்று; இல்லையேல் மேக நிறுவனத்திடமே விட்டுவிடுவது மேல் என்பது நம் கருத்து.

சட்டம் சொல்வது

இந்தியாவில் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்குரிய விதிகள் 2025ஆம் ஆண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு அவை அமைந்துள்ளன. பிறரின் விவரத்தைப் பெற்று அதனை எதற்குப் பயன்படுத்துவது என்று முடிவு செய்பவரைச் சட்டம் ஓர் ஆங்கிலச் சொல்லால் குறிக்கிறது. நம்பி ஒப்படைத்ததைப் பேணுபவர் என்பது அச்சொல்லின் பொருள். அடைக்கலம் காப்பவர் என்று நாம் தமிழாக்கலாம். அவர் தம் பணியை வேறொரு நிறுவனத்திடம் விட்டு, அதனோடு எத்தகைய ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தாலும், பொறுப்பு அவருடையதே என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. தக்க பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் தண்டம் 250 கோடி ரூபாய் வரை செல்லலாம். நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்குச் சட்டத்தின் விடை இது.

வேறு கட்டளைகளும் உள்ளன. கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் நடுவணரசு அமைப்பு 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியிட்ட ஆணைப்படி, ஊடுருவல் போன்ற நிகழ்ச்சிகளை அறிந்த ஆறு மணி நேரத்திற்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பதிவு பெற்ற கம்பெனிகள் தம் கணக்குப் புத்தகங்களின் காப்புப்படியை இந்தியாவிலுள்ள வழங்கியில் நாள்தோறும் வைக்க வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் திருத்தப்பட்ட விதி. தனியொருவர் நடத்தும் மளிகைக் கடைக்கு இக்கம்பெனி விதி பொருந்தாது. ஆனால் நாள்தோறும் சிட்டை எழுதிய மரபில் வந்த நமக்கு அது புதிய பாரமும் அன்று.

கடைக்குள் திரும்பி

வங்கியையும் ஓய்வூதிய நிதியத்தையும் பேசியபின் நம் கடைத்தெருவிற்கு வருவோம். இங்கே கேடு பெரும்பாலும் கடல் கடந்து வருவதில்லை. ஒரே நுழைவுப் பெயரை முதலாளி, கணக்கர், கடைப்பையன் ஆகிய மூவரும் பயன்படுத்துவர். கடவுச்சொல் கடையின் பெயரும் 123 என்பதுமாக இருக்கும். அதுவும் கணினித் திரையின் ஓரத்தில் தாளில் எழுதி ஒட்டப்பட்டிருக்கும். வேலையை விட்டு நின்ற கணக்கர் எதிர்க்கடையில் சேர்ந்து ஆறு திங்கள் ஆன பின்னரும், பழைய கடையின் விலைப்பட்டியல் அவர் கைப்பேசியில் நாள்தோறும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். அவர் நல்லவராக இருக்கலாம். ஒருவரின் நல்லியல்பைப் பூட்டாகக் கொள்வது அவருக்கும் சுமையே. ஆளுக்கொரு நுழைவுப் பெயர், அவரவர் வேலைக்கு வேண்டிய அளவு உரிமை, விலகும் நாளன்றே கணக்கு மூடல் ஆகியவற்றைப் பெரும்பாலான மென்பொருள்களிலே செய்துகொள்ள வழியுண்டு. பல சேவைகளில் இரண்டாம் பூட்டையும் கட்டணமின்றியே போட்டுக்கொள்ளலாம்.

சேவையை விட்டு விலகும் வழியையும் சேரும்போதே கேட்டறிதல் வேண்டும். நம் கணக்கு முழுவதையும் வேறு மென்பொருள் படிக்கத்தக்க வடிவில் இறக்கித் தருவார்களா? வாடகை ஒரு திங்கள் தவறினால் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? விலகியபின் நம் தரவை அழிப்பார்களா? மகளுக்கு வரன் பார்க்கையில் நூறு கேள்வி கேட்கும் நாம், பேரேட்டை ஒப்படைக்கும் இடத்தில் ஒரு கேள்வியும் கேட்காமல் ஒப்புதல் பொத்தானை அழுத்திவிடுகிறோம்.

இவ்வளவும் எழுதிய நாம் பிறர்க்கு மட்டும் சொல்பவர் அல்லர். நம் துறையின் முந்தைய மலர் ஒன்றின் தட்டச்சுக் கோப்புகளும் ஒளிப்படங்களும் மேகத்தில்தான் சேமிக்கப்பட்டன. அப்பணியை விருப்போடு ஏற்றுச் செய்த மாணவர், தம் சொந்த மின்னஞ்சலில் கணக்கைத் தொடங்கினார். படிப்பு முடிந்து வெளிநாடு சென்றார், கைப்பேசி எண் மாறிற்று, கடவுச்சொல் மறந்துபோயிற்று. மீட்பதற்குரிய ஓ.டி.பி. எண் அவருடைய பழைய எண்ணுக்குச் செல்கிறது. அந்த எண்ணோ இன்று முன்பின் அறியாத ஒருவரிடம் உள்ளது. அவரிடம் பேசினோம். அன்போடுதான் பேசினார். ஆயினும் அறிமுகமற்றவர் கேட்கும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லக்கூடாது என்று வங்கியில் சொல்லியிருப்பதாக மறுத்துவிட்டார். அவர் செய்தது முற்றிலும் சரி. மாணவர் மீதும் குற்றமில்லை. துறையின் பெயரில் கணக்குத் தொடங்கித் தராதது நம் பிழை. அம்மலரில் வெளியான முதுபெரும் ஆசிரியர் ஒருவரின் நேர்காணல், ஒலிப்பதிவோடு அதனுள் இருக்கிறது. அச்சில் வந்தது அதன் பாதியே. அவர் இப்போது இல்லை.

இம்மலரின் கோப்புகளைத் துறையின் பெயரிலுள்ள கணக்கில் வைத்துள்ளோம். ஒரு படி ஹார்டு டிஸ்க்கில் துறையின் பீரோவிலும், மற்றொன்று வேறு ஊரிலுள்ள ஆசிரியர் ஒருவரின் இல்லத்திலும் உள்ளன. கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரை வைத்து அலுவலகத்தில் ஒப்படைத்துள்ளோம். எடுத்துவைத்த படி திறக்கிறதா என்று சென்ற திங்கள் மாணவர் இருவரை அமர்த்திச் சோதித்தோம். நாற்பத்தொரு கோப்புகளில் இரண்டு திறக்கவில்லை. அவ்விரண்டையும் மீண்டும் படியெடுத்து, திறந்து பார்த்து, தேதியிட்டுக் குறித்து வைத்தோம். அடுத்த சோதனை அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள்.